டேட்டாவை அணைத்து வைத்த லயம்

கையில் போன் சுட்டது. சுற்றிலும் மஸ்கெலியா மலைக் குளிர்… மழை விட்டும் தேயிலைச் செடிகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் தேடித் தேடியே போன் சூடாகும் என்று அப்போதுதான் கவனித்தேன்.

பஸ் ஓடாத நோய்க்காலம் அது. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்கு என்னை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். வீடியோவில். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே பாதை வளையும் இடத்தில் ஒரு பாறை உண்டு. எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது அங்கேதான். அதன் மேல், அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை விரித்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு எல்லோரும் வீடு வந்து, கைகால் கழுவி, போனை எடுக்கும் நேரம். ஒரே டவர். முதல் கேள்விக்கே அவர்கள் முகம் உறைந்து நின்றது. என் குரல் அவர்களுக்குப் போகவில்லை.

"நாளைக்கு இதே நேரம் இன்னொரு தடவை பார்ப்போம். அதுவும் சரிவரவில்லை என்றால் அடுத்தவரை எடுத்துக்கொள்வோம்" என்று செய்தி அனுப்பினார்கள். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன். நான் அழவில்லை. அம்மாவும் ஆறுதல் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கிறதுதான் பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பிடித்தாம்மா."

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால், வரிசையில் இருக்கிற எல்லா வீட்டிலும் ரேடியோ, டிவி நின்றுவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை. சண்டைக்காரர் வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

மறுநாள் பின்னேரம் அம்மா வாசல் வாசலாகப் போனார். பக்கத்துக் காம்பரா செல்லையா மாமா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் டேட்டாவ ஆஃப் பண்ணுங்க."

"ஏன் தங்கச்சி, யாரு செத்தா?"

"சாகிறதுக்குத்தான் நிப்பாட்டுவீங்களா? எம் மக பேசணும்ண்ணே. கொழும்புல வேல."

"இலங்க வெளையாடுதே தங்கச்சி…"

"நீங்க பாக்கலன்னா தோத்துருவாங்களாக்கும்?"

"நான் பாத்தாத்தான் தோப்பானுங்க. சரி சரி, போங்க, ஆஃப் பண்ணிட்டேன்."

மேல் லயத்துக்கும் ஆள் சொல்லி அனுப்பினார் அம்மா. கார்ட்டூன் போய்விட்டது என்று அழுத ஒரு குட்டிக்கு, "அக்கா சம்பளம் வாங்கிட்டு வரும்போது கேக் கொண்டாருவா" என்று என் பெயரில் வாக்கும் கொடுத்துவிட்டார்.

பாறையில் இருந்து கீழே பார்த்தேன். இஸ்தோப்பு நெடுகிலும் ஆட்கள். யார் கையிலும் போன் இல்லை. ஒரு அக்கா மகளுக்குப் பேன் பார்த்தாள். செல்லையா மாமா கையைக் கட்டிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முகங்கள் உறையவில்லை. என் குரல் கொழும்புக்குப் போனது. லயத்தில் டேட்டாவை அணைத்ததாலா, மூட்டம் விலகியதாலா… இன்றுவரை தெரியாது. "எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், பின்னால் ஒரே பச்சையாக இருக்கிறதே?" என்று கேட்டார்கள். "வீட்டுக்குப் பக்கத்தில்" என்றேன்.

இறங்கி வரும்போதே மாமா கத்தினார். "முடிஞ்சிச்சா? போடவா?"

"போடுங்க மாமா!"

கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்க டிங், டிங், டிங்… தேங்கி நின்ற செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. "பாத்தியா, நான் பாக்காமலே தோத்துட்டானுங்க!" என்றார் மாமா. அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

வேலை கிடைத்தது. கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது கொழும்பில் அதே அலுவலகத்தில் அலைக்கற்றை ஏலம் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்க்கிறேன். ஏலம் எங்களுக்குப் பழகிய சொல்தான். எங்கள் கொழுந்து தூளாகி கொழும்பு ஏலத்துக்குப் போகும். விலை விழுந்துவிட்டதாம் என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்வார். அந்த ஏலத்தை எங்களில் யாரும் கண்டதில்லை. காற்றில் போகிற அலையும் அதேபோல ஏலத்துக்குப் போகும் என்பது எனக்குப் புதிது.

தாழ்ந்த அலைவரிசை தூரம் போகுமாம். வேகம் கூடிய உயர்ந்த அலைவரிசைக்கு ஒரு மலையைத் தாண்டத் தெரியாதாம். அப்படியென்றால் ஃபைவ் ஜி முதலில் எங்கே வரும், எங்கே கடைசியில் வரும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஏலம் எடுப்பவர் மலைக்கும் டவர் போட வேண்டும் என்று அரசு நிபந்தனை வைக்கலாம் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்து மொழிபெயர்த்தேன்.

என் அறையில் சிக்னலுக்குக் குறையில்லை. போன் சுடுவதும் இல்லை. வைஃபையைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வரும், எல்லாவற்றுக்கும் பூட்டோடு. அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

போன வாரம் ஒரு முக்கியமான மீட்டிங் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முடிந்ததும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்… போகவில்லை. சாதாரண அழைப்பில் எடுத்தேன்.

"என்னாம்மா, டேட்டா இல்லையா?"

"நீதானே மீட்டிங்குன்ன? அதான் ஆஃப் பண்ணிட்டோம்."

"பண்ணிட்டோமா?"

"மாமா வீட்டுலயும்தான். மேல் லயத்துக்கும் சொல்லிட்டேன். நல்லா பேசுனியா, தடங்கல் இல்லாம?"

இங்கே டவர் வேறு, அங்கே டவர் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன்…

"தடங்கலே இல்லம்மா. முடிஞ்சிச்சு. எல்லாரையும் போடச் சொல்லுங்க."