தோளுக்குள் கட்டிய நூல்

கடுகண்ணாவையில் ஒரு கடைக்கு அரிசி இறக்கும்போது கால் வழுக்கியது. மூட்டையை விட்டிருக்கலாம், விடவில்லை. வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. தேயிலைத் தோட்டம், பேக்கரி, கல்லுடைப்பு என்று ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தவன் நான். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. இரண்டு தோள்கள் இருந்தால் எந்த ஊரிலும் அன்றைக்கு வேலை கிடைக்கும் என்பதுதான் நான் அறிந்திருந்தது. இப்போது ஒன்றுதான் மிச்சம்.

கண்டியில் ஒப்பரேஷன் செய்தார்கள். பிய்ந்துபோன தசைநாரை மறுபடி எலும்போடு கட்ட வேண்டும். அதற்காக எலும்பில் துளை போட்டு, பிளாஸ்டிக் மாதிரியான ஒரு சின்ன ஆணியை இறக்கி, அதில் கோத்த நூலால் நாரை இழுத்துக் கட்டினார்கள். ஆணி சில வருடங்களில் தானாகக் கரைந்துவிடுமாம். நூல் கரையாது.

அப்போது அம்பிட்டியவில் ஓர் அறையில் இருந்தேன். கூட இருந்தவர் திகன ஊர்க்காரர், டவுனில் நடைபாதையில் சேர்ட் விற்கும் முஸ்லிம் மனிதர். என்னைவிட மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். முதல் இரண்டு மாதமும் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டது அவர்தான். "பொண்டாட்டிக்குக்கூட நான் இந்த வேலை பார்க்கல்ல" என்பார்.

நாலாம் மாதம் தழும்பு சிவந்தது. சின்னக் கொப்புளம் வந்து உடைந்து தண்ணீர் கசிந்தது. ஒரு காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். தழும்பில் நீல நூல் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"நானா, நூல் வெளிய வருது."

"தொடாதே. ஆஸ்பத்திரிக்குப் போ."

"இருங்க நானா. நமக்குத் தெரியாத நூலா?"

சாக்கு வாயில் போட்டிருக்கும் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் ஒரே இழுப்பில் கழன்று வரும். அப்படி நான் பிரித்த சாக்குகள் எத்தனையோ. உடம்பு இந்த நூலை வேண்டாம் என்று தள்ளுகிறது, கொஞ்சம் கைகொடுப்போம் என்று நினைத்தேன். இடது கை நகத்தால் பிடித்து இழுத்தேன். ஒரு விரற்கடை வந்து நின்றது. மறுபடி இழுத்தேன். தோளின் அடியிலிருந்து கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி. உட்கார்ந்திருந்த கதிரையோடு விழுந்தேன்.

நானா அன்று கடை போடவில்லை. என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். ஒப்பரேஷன் செய்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஐயா, இதை இழுத்தனீங்களோ?"

"இல்லைங்க டொக்டர், தானா வந்துச்சு."

"பொய் சொல்றான் டொக்டர்," என்றார் நானா. "சாக்குன்னு நினைச்சு இழுத்தான்."

டொக்டர் திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உடம்புக்கு இந்த நூல் ஆரெண்டு தெரியாது. முதல்ல அழிக்கப் பாக்கும். ஏலாட்டி சுத்தி வேலி அடைச்சிட்டுப் பேசாமல் இருந்திடும். அந்த வேலிதான் எங்களுக்கு வேணும். சில பேருக்கு உடம்பு சண்டையை நிப்பாட்டாது. வீங்கும், தண்ணி வரும்."

"எனக்கு எதுங்க?"

"திறந்து பாத்தால்தான் சொல்லலாம். சண்டை ஆழத்திலயும் நடக்குதெண்டால் எல்லாத்தையும் எடுக்க வேணும். அதோட நாரும் விட்டிட்டுதெண்டால் கை மேல எழும்பாது."

வார்டில் மூன்று நாள் காத்திருந்தேன். முதல் நாள் என் உடம்பின் மேல் எனக்குக் கோபம். அடுத்த நாள் அது குறைந்தது. நூல் உதவிக்கு வந்தது என்று உடம்புக்கு யார் சொன்னார்கள்? தெரியாத ஒன்று உள்ளே வந்ததும், என்னைக் கேட்காமல், நான் தூங்கும்போதும் அது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. நடுவில் புகுந்து இழுத்தவன் நான்தான்.

திறந்து பார்த்தார்கள். மேலே, தோலுக்குக் கிட்டே போட்டிருந்த கட்டு ஒன்றில்தான் சீழ் பிடித்திருந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள்.

"உள்ளுக்கு வேலி நல்லா அடைச்சிருக்கு ஐயா," என்று மறுநாள் டொக்டர் சொன்னார். தன் வீட்டு விஷயம் போல அவருக்குச் சந்தோஷம். "வெள்ளையாய், இறுக்கமாய். நீங்கள் இழுத்தும் கழரேல்லை. கை எவ்வளவு எழும்புமெண்டு பிறகுதான் பாக்கலாம்."

அதற்குப் பிறகு நாலு மாதம் சுவரில் விரல்களை ஏற்றிப் பயிற்சி. கடைசிக் கிளினிக்கில் டொக்டர் கையை உயர்த்தச் சொன்னார். காதைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது.

"மூட்டை?" என்றேன்.

"மூட்டை இனி இல்லை, ஐயா."

கூட வந்திருந்த நானா கேட்டார்: "சேர்ட் பெட்டி, டொக்டர்?"

"சின்னப் பெட்டி எண்டால் ஓம்."

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அம்பிட்டிய ஏற்றத்தில் ஒரு வளைவு வந்தது. மேலே இருந்த கம்பியை வலது கையால் எட்டிப் பிடித்தேன். தோள் நொந்தது; பிடி விடவில்லை.

"விழுந்தா நான் தூக்க மாட்டேன்," என்றார் நானா, என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே.