இரண்டு பக்கத் திரை

அத்தைக்குக் கம்ப்யூட்டர் திரை வாங்கப் போன அன்று எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று அத்தையே முடிவு செய்துவிட்டாள். "கண்ணு நன்னாத் தெரியற ஒருத்தர் கூட வேணும் அண்ணா" என்று அவள் சொன்னதும் அப்பாவால் மறுக்க முடியவில்லை. அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மயிலாப்பூரில் எங்களோடுதான் இருந்தாள். ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவள், இனிமேல் புத்தக வேலைகளைத் தானே தனியாக எடுத்துச் செய்யப்போவதாக அறிவித்திருந்தாள்.

தி. நகரில் மாடிக்கடை. நுழைந்ததுமே ஒரு கலர் திரையில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் நீந்தின. "இதுதான் வேணும்!" என்றேன். அப்பாவும் என் கட்சி.

அத்தை கைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். மீன்கள் மறைந்து, அவள் கோத்த பக்கம் வந்தது. அதுவும் பாதிதான் தெரிந்தது. "எங்கே, படி" என்றாள். திரையில் மூக்கு உரச, 'பட்டு' என்பதை 'படடு' என்று படித்தேன். பொடி எழுத்தில் புள்ளிகளைக் காணோம்.

"இதைவிடப் பெருசு இல்லியா?"

"ஒண்ணு கீது மேடம். ஆனா கறுப்பு வெள்ளை. யாரும் சீந்த மாட்டாங்க."

உள்ளேயிருந்து இரண்டு பேர் அதை மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். அதற்கென்று இருந்த தனி கார்டு ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் பொருத்திச் சுவிட்சைப் போட்டார்கள். அம்மாடி! விரித்துவைத்த புத்தகம் மாதிரி இரண்டு பக்கங்கள் அருகருகே, வெள்ளைவெளேரென்று! ஒவ்வொரு புள்ளியும் ஊசியால் குத்தினாற்போல் இருந்தது. "பட்டு! பட்டு!" என்று நான் குதித்தேன். மீன்கள் மறந்தே போயின. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே முழுப் பக்கத்தையும் படித்தார்.

"இங்கே ஒரு 'க்' விட்டுப்போயிருக்கே?"

"தெரியறதோல்லியோ? அப்போ இதுதான்" என்றாள் அத்தை.

ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்து மலைத்தார். "இன்னா சார், டிவியா? இம்மாம் பெருசா கீது!" நான் அவரைத் திருத்தினேன். ஆட்டோ மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பாமல் அசோக் நகருக்குப் போயிற்று.

"கம்ப்யூட்டருக்கு ஒரு ரூம் பாத்திருக்கேன்டி" என்றாள் அத்தை.

கம்ப்யூட்டருக்குத் தனி ரூம்! வகுப்பில் யார் யாரிடம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

மாடியில் ஒற்றை அறை. புது மேஜை, அதன்மேல் திரையில்லாத கம்ப்யூட்டர், ஒரு ஸ்டவ், சுருட்டிவைத்த பாய், அத்தையின் துணிப்பெட்டி. அன்றிலிருந்து அவள் அங்கே தனியாக இருக்கப்போகிறாள் என்பது என் தலையில் ஏறவே இல்லை. திரை மேஜையில் ஏறியதும் அத்தை சிரித்த சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் வாசலிலேயே நின்று, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தார். ஜன்னல் கம்பிகளையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"பயப்படாதேப்பா" என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். "அது ரொம்ப கனம். திருடனால தூக்கவே முடியாது."