பெர்மிட் காணியில் ஓட்டு வீடு

ஓடு வேண்டாம் என்று கனகராயன்குளத்தில் சொல்லாத ஆளில்லை. குரங்கு பாய்ந்து நொறுக்கிவிடும், அஸ்பெஸ்டஸ் சீற்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றார்கள். குரங்குக்குப் பயந்து நான் ஏன் சீற்றுக்குக் கீழே கிடந்து அவிய வேண்டும்? எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான். பாலர் பாடசாலையில் பிள்ளைகளோடு கத்திக் கத்திச் சேர்த்ததில் எழுப்பிய வீடு. கூரை என் விருப்பப்படிதான் இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். "உன்ர வீடு, உன்ர எண்ணம்" என்றார்.

வவுனியாவில் ஓடு விற்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டேன், தண்ணீர் ஊற்றிப் பின்பக்கம் கசிகிறதா என்று பார்த்தேன். விற்பவருக்கு வெறுத்தே போயிருக்கும். தாழ்வார வரிசைக்கு மட்டும், நுனியில் இலை வெட்டிய ஓடு தனியாகச் சொல்லிச் செய்வித்தேன். ஆடியில் லொறி வந்து இறக்கியபோது அம்மா ஒவ்வோர் ஓடாகத் தடவிப் பார்த்தார்.

ஓடு பாரம். அதைத் தாங்கும் கைமரம் வைரமாக இருக்க வேண்டும் என்றார் தச்சுவேலைக்காரர். பின்வளவில் முதிரை மரம் நின்றது. ஆனால் முதிரையை நினைத்தபடி தறிக்க முடியாது, அனுமதி வேண்டும். கிராம சேவகர், எங்கள் விதானையாரிடம் போனேன். எங்களுடையது பெர்மிட் காணி. அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்து, அவருக்குப் பிறகு அம்மாவுக்கு வந்தது. அதைப் பிரித்து எழுத முடியாது. அம்மாவுக்குப் பிறகும் ஒருவருக்குத்தான் போகும், அதைப் பின்னுரித்து என்பார்கள். அந்த ஒருவர் நான் என்றுதான் அம்மா சொல்லி வந்தார்.

விதானையார் காணிக் கோவையைப் புரட்டினார். "அக்கா, அம்மா கையெழுத்து வைச்சாக் காணும். பின்னுரித்து இப்ப தம்பியின்ர பேரிலதானே, அவருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ." எனக்குத் தெரியும் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருந்தார்.

எப்போது பதிந்தது என்று கேட்டேன். சித்திரையில். சித்திரையில்தான் வவுனியாவில் இருக்கும் தம்பி வந்து, கண் காட்டப் போகிறோம் என்று அம்மாவைக் கூட்டிப்போனான். அம்மாவின் சீலையை நான்தான் அயன் பண்ணிக் கொடுத்தேன். வழியில் சாப்பிடப் புட்டும் கட்டிக் கொடுத்தேன், மடைச்சி. விதானையாரிடமிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கேட்டதும் அம்மா மறைக்கவில்லை. "நீ தனியாள், பிள்ளை. உன்னோட முடிஞ்சிடும். அவனுக்கெண்டாப் பொடியன் இருக்கிறான். உன்னை ஆர் வீட்டால எழும்பச் சொன்னது, நீ இருக்கலாம்தானே."

இருக்கலாமாம். நான் கட்டிய வீட்டில் நான் இருக்கலாமாம். அந்தச் சொல்லை இன்னும் என்னால் செமிக்க முடியவில்லை. காணியை எழுதியதைக்கூட மன்னித்துவிடுவேன். எழுதிவிட்டு வந்து, மூன்று மாதம் என் கையால் சாப்பிட்டு, என் ஓட்டைத் தடவிப் பார்த்தாரே, அதை எப்படி மன்னிப்பது?

கூரையை நிறுத்தவில்லை. மாரி வந்துகொண்டிருந்தது, நான் எங்கே போவது? கூரை முகட்டில் வளை வைத்த அன்று தம்பி வந்து, வீட்டுக்காரனாக முன்னுக்கு நின்று தச்சுவேலைக்காரருக்கு வேட்டி கொடுத்தான். நான் பொங்கல் பொங்கினேன்.

ஓடு போட்டு முடிகிற நாளில் பார்த்தால் நான் சமைக்கும் குசினி இருட்டாக இருந்தது. ஒரு கண்ணாடி ஓடு போட்டுவிடச் சொல்லி மேலே நின்ற தச்சுவேலைக்காரரிடம் கேட்டேன். அவர் தயங்கினார்.

"வீட்டுக்காரரிட்ட ஒருக்காக் கேட்டிட்டுப் போடுவம், அக்கா."

கத்தத்தான் வாயெடுத்தேன். பிறகு முற்றத்தில் நின்றபடி தம்பிக்குப் போன் எடுத்து, குசினிக்கு ஒரு கண்ணாடி ஓடு போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்கோ அக்கா, இதுக்கெல்லாம் என்னைக் கேக்கோணுமே" என்றான். குரலில் அப்படியொரு சந்தோசம்.