பின்வாசலைப் பூட்டிய தீர்மானம்

கொல்லிமலையில் வேலி போட்ட குடியிருப்பில் வீடு வாங்கலாமா என்று பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். தண்ணீர், சாலை, சங்கத்தின் விதிகள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாராம். அந்த விதிகளை வைத்து நீங்கள் யாரை என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் செய்ததை எழுதினால் புரியும்.

ஓய்வு பெற்று நானும் மனைவியும் இங்கே வந்தபோது பதினான்கு வீடுகள் இருந்தன. உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு செயலாளர். நாமக்கல்லில் லாரி ஓட்டித் தொழில் செய்து ஓய்ந்தவர். விதிப் புத்தகத்தை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். சாலையிலிருந்து தெரியும்படி துணி காயப்போடக் கூடாது என்று அதில் ஒரு விதி. எங்கள் வீட்டில் வெயில் விழுவது முன்பக்கம் மட்டும்தான். பனி இறங்கும் மாதங்களில் பின்பக்கம் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. மனைவி முன்னால் கொடி கட்டினாள்.

ஒரு காலை செயலாளர் காவலாளியோடு வந்து கொடியை அறுக்கச் சொன்னார். இரண்டு புடவைகளும் என் வேட்டியும் செம்மண் சேற்றில் விழுந்தன.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பனுங்களே," என்றாள் மனைவி.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கமுங்கம்மா. ஐயா படிச்சவரு, பார்க்காமயா இருந்திருப்பாரு? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க." என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் குனிந்து துணியைப் பொறுக்கினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். வருவாய்த் துறையில் ஆயுசெல்லாம் கோப்பு எழுதியவன் நான். எனக்குச் சண்டை போட வராது. எழுத வரும்.

அன்று மதியமே விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். செயலாளருக்கு எங்கே வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். வந்தவர்களை எல்லாம் அதன் கீழே நிறுத்திக் காட்டுவார். அதைப் பராமரித்தவர், மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான குண்டனி நாட்டு விவசாயி ஒருவர். குடியிருப்பின் பின்வாசல் வழியாகத் தினமும் தம் மனைவியோடு வருவார். அந்த ஒற்றையடிப் பாதை குடியிருப்புக்கு முந்தியது. அவர்கள் ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகும் வழி. குடியிருப்பு கட்ட நிலத்தை வாங்கியவர்கள், வழியை அடைக்க மாட்டோம் என்று அவர்களுக்கு வாய்வார்த்தை கொடுத்திருந்தார்கள். ஆனால் புத்தகத்தில், பின்வாசல் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், வெளியாட்கள் முன்வாசலில் பதிவு செய்துதான் நுழைய வேண்டும் என்று இருந்தது.

கணவர் தோட்டத்துக்குப் போனதும் அந்தப் பெண் எங்கள் சமையலறை வாசலில் வந்து உட்காருவாள். என் மனைவி காப்பி கொடுப்பாள்.

"இத்தாப்பெரிய வேலிங்களே, உள்ள அடைபட்டது நீங்களா, நாங்களாங்கம்மா?" என்று அவள் கேட்க, இருவரும் சிரிப்பது என் அறைக்குக் கேட்கும். வேறு எந்த வீட்டிலும் என் மனைவிக்குப் பேச்சுத் துணை இல்லை. இதை மறந்துபோய்ப் பின்வாசலைப் பூட்டவைத்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன். மலையைச் சுற்றி முன்வாசலுக்கு வரட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கக் கூட்டத்தில், பின்வாசலை விதிப்படி பூட்ட வேண்டும் என்ற என் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். செயலாளர் முகம் கறுத்தது.

"அந்த ஆளு வரலீன்னா என் மிளகு போச்சுங்கய்யா."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே. வேணும்னா நோட்டீஸ் ஒட்டிரலாமுங்க," என்றேன். கூட்டம் சிரித்தது. ஒன்பது கைகள் உயர்ந்தன. பின்வாசலுக்குச் சங்கிலி வந்தது.

அந்தத் தம்பதி முன்வாசலுக்கு வரவே இல்லை. மிளகு பறிக்க ஆளின்றிப் பழுத்து உதிர்ந்தது. பறவைகள் கொத்துவதைப் பார்ப்பதற்காகவே என் மாலை நடையைச் செயலாளர் வேலியோரமாக மாற்றிக்கொண்டேன். அவர் அண்ணாந்து நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் உள்ளே எங்கோ இனிக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூட்டிய முதல் நான்கு நாள் மனைவி இரண்டு டம்ளர் காப்பி கலந்து வைத்துவிட்டு, ஒன்றைக் கொட்டினாள். ஐந்தாம் நாள், "அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாட்ட இருக்குதுங்க," என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என் சீலைக்காவா செஞ்சீங்க?"

"ஆமா."

"அதைத்தான் அன்னிக்கே அலசிப் போட்டுட்டனே," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் நானே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். முதலில் கை தூக்கியவர் செயலாளர். பிறகு பாதை வழியே இறங்கி அவர்கள் ஊருக்குப் போய், பூட்டியது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். விவசாயி கேட்டுக்கொண்டார். "தொறந்துட்டா நடக்கப்போறமுங்க," என்றார்.

மறுநாள் அவர் மிளகுக்குப் போனார். அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள், உட்காரவில்லை. மனைவி டம்ளரை நீட்டினாள்.

"வேண்டாங்கம்மா. வழி மறிச்சவரு ஊட்டுல நாங்க பச்சைத் தண்ணி குடிக்கிறதில்லீங்க. கோவமில்லீங்க, எங்க ஊட்டு வழக்கமுங்க."

"எத்தனை நாளைக்கு கண்ணு?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "மறிச்சவரு இருக்கற வரைக்குமுங்க."

இப்போது காலையில் மனைவி ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே இருக்கும் பாறைக்குப் போகிறாள். அந்தப் பெண் தூக்குப்போசியில் தன் வீட்டுக் காப்பி கொண்டுவருகிறாள். முழங்கால் வலியோடு மனைவி படியிறங்க, நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். அவர்கள் சிரிக்கும் சத்தம் வாசல்வரை வரும். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் நின்றுவிடும்.