மூன்றே பங்கு

பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியைக் கவனித்துக்கொள்ளும் அம்மையாருக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் உதட்டம்மா. அவர் முன்னால் யாராவது அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் பதில் வராது. கீழுதடு மட்டும் கால் அங்குலம் பிதுங்கும். சொன்னவர் கூனிக் குறுகிப் போவார். இருபத்திரண்டு வருடத்தில் ஆறு மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள். ஆறு பேருமே அந்தக் கால் அங்குலத்தைப் பார்த்தவர்கள்தான்.

மெயின்ஃபிரேமின் ஒரு பகுதியில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தைப் போட வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்து, வெளி நிறுவனம் ஒன்றிடம் வேலையைக் கொடுத்தது. அந்த நிறுவனம் அனுப்பிவைத்த நிபுணரைக் கண்டதும் உதட்டம்மாவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வந்து நின்றவர் அவருடைய சொந்தத் தங்கையின் கணவர்.

குடும்பத்தில் இந்த மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்தால் உதட்டம்மாவின் அம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பாள். "பெரிய பெரிய மிஷினெல்லாம் அவர் சொன்னாத்தான் கேக்குமாம்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். அந்தப் பெரிய மிஷினோடு பாதி வாழ்நாளைக் கழித்துவிட்ட மூத்த மகளைப் பற்றி யாராவது விசாரித்தால், "இவளா? ஆபீஸ்ல கீழ் ரூம்ல ஏதோ வேலை" என்பதோடு சரி.

உண்மையில் மாப்பிள்ளை அதுவரை மெயின்ஃபிரேமைப் படத்தில்தான் பார்த்திருந்தார். மேசைக் கணினிகளில் ஆயிரம் முறை லினக்ஸ் போட்டவர். இது கொஞ்சம் பெரிய மேசைக் கணினி, அவ்வளவுதானே என்று வந்திருந்தார். முதல் கூட்டத்தில் திரையில் ஒரு படம் போட்டார். ஒரே டிஸ்க், அதற்குள் ஏழு வண்ணத்தில் ஏழு பெட்டிகள்.

"ஒரு டிஸ்க்கை ஏழு பார்ட்டிஷனாப் பிரிக்கிறோம். சுத்தமா இருக்கும், சார்."

மேலாளர் அந்த வண்ணங்களில் சொக்கிப் போயிருந்தார்.

"இந்த மிஷின்ல ஒரு டிஸ்க்குக்கு மூணு பார்ட்டிஷன்தான் போகும், தம்பி" என்றார் உதட்டம்மா.

"அக்கா, அதெல்லாம் உங்க காலத்துல" என்று சிரித்தார் மாப்பிள்ளை. மேலாளரும் சேர்ந்து சிரித்தார்.

உதடு பிதுங்கியது. கூட்டம் முடியும்போது மேலாளர், "மேடம், பதிவு இருக்கிற பழைய டிஸ்க் எதுவும் புது சிஸ்டம் கண்ணுல படக்கூடாது. புதுசா வந்த நாலு டிஸ்க் மட்டும் தெரியட்டும். மத்ததை மறைச்சிடுங்க" என்றார். பத்து நிமிட வேலை. எல்லாம் தெரிந்த மகானுக்கு எந்த டிஸ்க் எது என்று தெரியாமலா போகும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, உதட்டம்மா அதை அப்படியே விட்டுவிட்டார்.

அன்று மாலை அம்மா கேட்டாள்: "மாப்பிள்ளையும் நீயும் ஒரே இடத்துலயாமே? என்னடி வேலை?"

"பாகப்பிரிவினைம்மா. ஒரு வீட்டை ஏழு பங்கு போடணுமாம்."

"போடட்டுமே. அவர் யாருக்கும் குறை வைக்காமப் பிரிப்பார். தங்கமானவர்."

மறுநாள் காலை தங்கமானவர் வேலையை ஆரம்பித்தார். இந்த மெயின்ஃபிரேமில் டிஸ்க்கை முதலில் ஒரு முறை முழுதாக ஃபார்மட் செய்ய வேண்டும். அப்புறம்தான் பிரிக்க முடியும். அதுவே அவருக்குப் புதுச் செய்தி. ஒரு மணி நேரம் போல அது ஓடியது. பிறகு பிரிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தடங்கலில்லாமல் விழுந்தன. நான்காவதுக்குத் திரை மறுத்தது. மறுபடி தட்டினார், மறுபடி மறுத்தது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் இடம் சும்மா கிடந்தது.

"இடம் இருக்கு, ஆனா எடுக்க மாட்டேங்குது. டிஸ்க் பழுது, சார்" என்றார் மேலாளரிடம்.

உதட்டம்மா ஓர் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை சுகமான பத்து நிமிடம் அவருக்கு வாய்த்ததில்லை.

"அப்ப வேற டிஸ்க் எடுங்க" என்றார் மேலாளர்.

டிஸ்க்குகளுக்குப் பெயர் கிடையாது, நான்கு இலக்க எண்தான். மாப்பிள்ளை பட்டியலை மேலும் கீழும் ஓட்டி 0291 என்று நினைத்துக்கொண்டு 0219-ஐத் தேர்ந்தெடுத்தார். "இதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா?" என்று திரை கேட்டது. சம்மதம் என்று தட்டினார்.

உதட்டம்மா எதேச்சையாகத் திரையைப் பார்த்தார். பாட்டில் கைநழுவி விழுந்தது.

"நிறுத்துங்க! தம்பி, நிறுத்துங்க! அது பதிவு டிஸ்க்!"

மாப்பிள்ளையின் விரல் காற்றில் நின்றது. உதட்டம்மாவே பாய்ந்து அதை நிறுத்தினார். என்ன பயன்? டிஸ்க்கின் அடையாளமும், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் இருப்பது ஆரம்பப் பகுதியில். முதலில் போனதே அதுதான். மாடியிலிருந்து தொலைபேசி அலறியது. எல்லாக் கவுன்ட்டர்களும் நின்றுவிட்டன.

முந்தைய நாள் மாலை நகல் எடுத்து வைத்த டேப் இருந்ததால் தலை தப்பியது. அதிலிருந்து திரும்ப ஏற்ற மூன்று மணி நேரம் பிடித்தது. அன்று காலை பதிவானவை மட்டும் போய்விட்டன. பதினொரு குழந்தைகள் மாலை வரை பிறக்கவே இல்லை. முப்பத்திரண்டு பேர் செத்தும் உயிரோடு இருந்தார்கள். எழுத்தர்கள் விண்ணப்பங்களை எடுத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மறுபடி தட்டினார்கள்.

மறுநாள் மேலாளர் அறையில் அறிக்கை தயாராக இருந்தது. மாப்பிள்ளை நன்றாகவே பூசி மெழுகியிருந்தார்: 'டிஸ்க்குகளின் எதிர்பாராத பழுது காரணமாக.'

"கையெழுத்துப் போட்டுடுங்க, மேடம். யாருக்கும் வம்பு இல்ல" என்றார் மேலாளர். பழைய டிஸ்க்கை மறைக்கச் சொன்னதை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

உதட்டம்மா காகிதத்தைப் பார்த்தார். வழக்கமாகப் பிதுங்கும் உதடு பிதுங்கவில்லை. இந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டு இனி யாரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க முடியும்? பேனாவை எடுத்துக் கீழே எழுதினார்: 'டிஸ்க்கில் பழுது இல்லை. ஒரு டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் போகாது. தவறான டிஸ்க்கை எடுத்தவர் நிபுணர். அது அவர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டியவள் நான், வேண்டுமென்றே மறைக்கவில்லை.'

"மேடம், இது உங்க கழுத்துக்கே கத்தி."

"தெரியும் சார்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உதட்டம்மாவுக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. மாப்பிள்ளையை அவர் நிறுவனம் இன்னும் பெரிய அலுவலகத்துக்கு, இன்னும் பெரிய நாற்காலிக்கு அனுப்பியது. அப்படித்தானே அனுப்புவார்கள். லினக்ஸை உதட்டம்மாவே போட்டார். முதல் காரியமாகப் பழைய டிஸ்க்குகளை மறைத்தார். முதல் டிஸ்க்கில் மூன்று பங்கு. மீதி மூன்று டிஸ்க்குகளையும் ஒன்றாகச் சேர்த்து அதிலிருந்து நான்கு பங்கு; அப்படிச் சேர்த்ததற்கு மூன்று என்ற வரம்பு கிடையாது. ஏழும் வந்துவிட்டது. இரண்டு நாளில் வேலை முடிந்தது.

அந்த வாரமே தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

"சொந்த மாப்பிள்ளைன்னுகூடப் பாக்காம அவரை எழுதிக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"அவரைப் பத்தி ஒரு வரி. என்னைப் பத்தி அதுக்கு அடுத்த வரி. அவர் உனக்கு எதைச் சொன்னார்?"



"உன்னைப் பத்தி எழுதினதை அவர் சொல்லலக்கா" என்றாள் தங்கை, குரல் இறங்கி. பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.