நார்வேக்காரர் பூட்ஸ் கழற்றிய நாள்

வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் கேம்ப் அறை வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றுவார் என்று எங்கள் கம்பெனியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கிளையன்ட், ஆடிட்டர், எம்பஸி அதிகாரி எல்லோரும் பூட்ஸ் காலோடு உள்ளே நுழைவார்கள். கட்டிலைத் தட்டிப் பார்த்து "வெரி நைஸ்" என்பார்கள். ஏ.சி. காற்றில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நார்வேக்காரர் ஓட்வார் மட்டும் குனிந்தார். அங்கேதான் என் கதை கந்தலானது.

நான் வளைகுடாவில், ராஸ் லஃபான் பக்கத்து லேபர் கேம்ப் ஒன்றில் பி.ஆர்.ஓ.வாக இருந்தவன். கம்பெனியின் பெயர் வேண்டாம். விசா, மெடிக்கல், ஏர்போர்ட், போலீஸ் ஸ்டேஷன், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவது, விருந்தாளிகளுக்கு கேம்பைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் என் வேலை. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்திருந்தேன். அதனால் பொய்யை இலக்கணப் பிழை இல்லாமல் சொல்ல முடிந்தது. பெரும்பாலும் அதற்குத்தான் சம்பளம்.

1. போர்டு

கேம்ப் கேட்டில் ஒரு பெரிய போர்டு உண்டு. விபத்தினால் ஒருவர்கூட ஒரு நாள் வேலையை இழக்காமல் எத்தனை மணி நேரம் வேலை ஓடியிருக்கிறது என்று அதில் எண்கள் இருக்கும். ஒருவன் அடிபட்டு ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே யாருக்கும் அடிபடாது. அடிபட்டவனையும் காலையில் பஸ்ஸில் ஏற்றி சைட் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவோம். அவன் டூட்டியில் இருக்கிறான் என்று அர்த்தம். இதற்கு "லைட் டூட்டி" என்று பெயர்.

சேகர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டும் ஸ்டீல் ஃபிக்ஸர். பக்கத்தில் கம்பி அறுத்த கிரைண்டரிலிருந்து ஒரு பொடி பறந்து இடது கண்ணில் விழுந்தது. கேம்ப் கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்து ஒரு கட்டும் போட்டுவிட்டார்கள். சேகர் என் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"சார், கண்ணுல மண்ணு கெடக்க மாதிரியே உறுத்துது. நேத்துலேர்ந்து மங்கலாவும் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சிலிப்பு குடுங்க சார்."

"வெள்ளிக்கிழமை விசிட் இருக்கு சேகர். முடியட்டும். சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

"கண்ணுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா சார்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல என்று காட்டுவதற்காக மேனேஜர் தாமஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "சாரே, போர்டு ஜீரோ ஆனா என்டே ஜோலியும் ஜீரோ. நிங்ஙள்டேயும் ஜீரோ. சனிக்கிழமை பாக்கலாம்" என்றார். அதோடு எனக்கும் மனசு அடங்கிவிட்டது.

2. மீன்காரர்

வரப்போகிறவர் யார் என்று ஒரு குறிப்பு தயாரிக்கச் சொன்னார்கள். இணையத்தில் தேடினேன். ஓட்வார், நார்வேயில் நாவலாசிரியர், பத்திரிகையாளர். குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத வடக்குத் தீவு ஒன்றில் மீனவர் வீட்டுப் பிள்ளை. பத்தொன்பது வயதில் உள்ளூர்ச் சிறு பத்திரிகையில் சேர்ந்து மீன் விலை, சாவு அறிவிப்பு, பஞ்சாயத்துக் கூட்டம் மூன்றையும் எழுதியவர். முதல் நாவல், மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை பார்த்த பெண்களைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தார், வேறொன்றையும் மாற்றவில்லை. தீவே அவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. கடைக்காரர் ரொட்டி விற்க மறுத்ததால் தலைநகருக்குப் போய்ப் பெரிய பத்திரிகையில் சேர்ந்தார் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். பிறகு கப்பல் உடைக்கும் துறைமுகங்கள், சுரங்கங்கள், அகதி முகாம்கள். ஏழு நாவல்கள், இரண்டு விவாகரத்து. நாங்கள் வேலை செய்த எரிவாயுத் திட்டத்தில் நார்வே நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு இருந்தது. தன் நாட்டுப் பணம் இங்கே எந்தக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறது என்று பார்க்க வருகிறார்.

தாமஸ் சார் குறிப்பைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நாவல்காரன்னா கதைதானே எழுதுவான்? நமக்கென்ன பயம்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் எத்தனையோ நாவல் படித்தவன். எழுதுகிற ஆளிடம் மாட்டியதில்லை.

3. பதினாறு ஜோடி

எங்கள் கேம்பில் ஓர் அறைக்குப் பதினாறு பேர். விசிட்டுக்காக ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களைத் தூக்கிவிட்டு ஆறு ஒற்றைக் கட்டில், புது விரிப்பு, மேசையில் ஆப்பிள். ஆறு பேரை உள்ளே வைத்தோம். வெள்ளிக்கிழமை லீவு நாளானாலும் மீதிப் பத்துப் பேருக்கும் கவரால் உடுப்பும் சேஃப்டி ஷூவும் மாட்டி டூட்டிக்குப் போவது போல பஸ்ஸில் ஏற்றினோம். அந்தப் பத்தில் சேகரும் ஒருவர். கண்ணில் கட்டோடு ஓர் ஆள் கேம்பில் தென்படக் கூடாதல்லவா? டிரைவர் கான் பாயிடம், "நான் சொல்ற வரைக்கும் ரோட்டுலயே சுத்து. எங்கயும் நிறுத்தாதே, செக்யூரிட்டி கேப்பான்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஓட்வார் வந்தார். அறுபதைத் தாண்டியவர், சிவந்த கழுத்து, சட்டைப் பையில் பென்சில். அறை வாசலில் நின்றார், குனிந்தார், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"வேண்டாம், வேண்டாம், அப்படியே வரலாம்" என்று பதறினேன்.

"வீட்டுக்குள் பூட்ஸோடு போனால் என் அம்மா எழுந்து வந்து அடிப்பார். இறந்து இருபது வருடம் ஆகிறது, இருந்தாலும் வருவார்" என்றார்.

அவர் காலுறையில் கட்டை விரல் வெளியே தெரிந்தது. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. வாசலின் இரு பக்கமும் செருப்புகள். விரலை நீட்டி எண்ணினார். ஷூ மாட்டிக்கொண்டு போன பத்துப் பேரும் தங்கள் செருப்பை வழக்கம்போல வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"உள்ளே எத்தனை பேர்?"

"ஆறு."

"வெளியே பதினாறு ஜோடி."

எம்.ஏ. கைகொடுத்தது. "எங்கள் கலாசாரத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று ஜோடி உண்டு. குளியலறைக்கு ஒன்று, மெஸ்ஸுக்கு ஒன்று, சாமி கும்பிட ஒன்று."

அவர் இரண்டு செருப்பைப் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று மற்றதைவிட மூன்று விரல் நீளம். "சாமி கும்பிடும்போது கால் வளருமா?" என்று கேட்டார்.

உள்ளே மாரிமுத்து என்ற பரமக்குடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஓட்வார் அவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டார். மாரிமுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து வரைக்கும் பருப்புத் தண்ணி. இன்னைக்கு இவரு வர்றாருன்னு ஆப்பிள். வாராவாரம் வரச் சொல்லுங்க சார், புண்ணியமாப் போகும்."

நான் மொழிபெயர்த்தேன்: "சாப்பாட்டில் பழமும் உண்டாம். உங்களை வாராவாரம் அழைக்கிறார்."

ஓட்வார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, செருப்புகளுக்கு நடுவே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "மீன் விலை எழுதிய காலத்தில் படகுக்காரர்கள் எத்தனை பேர் கடலுக்குப் போனோம் என்பதில் பொய் சொல்வார்கள். நான் படகைப் பார்க்க மாட்டேன், காயப் போட்ட பூட்ஸைத்தான் எண்ணுவேன். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் வரும்வரை இருக்கிறேன்" என்றார்.

4. மூன்று போன்

வெயில் ஏறியது. அவர் அசையவில்லை. கான் பாய் முதல் தடவை போன் செய்தார்: "சாப், ஏ.சி. காலி. ஆளுங்க வேர்க்கறாங்க. வரவா?" வேண்டாம் என்றேன்.

"கெட்ட செய்தியா?" என்றார் ஓட்வார்.

"இல்லை, வானிலை அறிக்கை. வெயில் அடிக்குமாம்."

அவர் கட்டுக்கம்பியால் வார் கட்டிய ஒரு நீலச் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுந்த வாரை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் கால் கிழிக்காமல் உள்பக்கமாக மடக்கியிருந்தது. "இவன் நல்ல வேலைக்காரன்" என்றார். அது சேகருடையது என்று எனக்குத் தெரியும். சைட்டில் கம்பி கட்டும் அதே முடிச்சு.

இரண்டாவது போன்: சேகருக்குக் காய்ச்சல், கண்ணிலிருந்து சீழ் வடிகிறது. மூன்றாவது போன்: வாந்தி எடுக்கிறார். பஸ் அல் கோர் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே விடவா?

உள்ளே விட்டால் பெயர் பதிவாகும், எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், போர்டு இறங்கும். அதுவும் இந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது. நான் தண்ணீர் டேங்க் பின்னால் போய் இந்தியில் சத்தம் போட்டேன்: "மர்னே வாலா நஹீ ஹை, கான் பாய். சலாத்தே ரஹோ." சாக மாட்டான், ஓட்டிக்கொண்டே இரு.

சாயங்காலம் கிளையன்டின் கார் வந்தது. தோஹாவில் விருந்து, ஓட்வார் போயே ஆக வேண்டும். அவர் எழுந்தார், பூட்ஸைப் போட்டார், கயிறு கட்ட நெடுநேரம் எடுத்துக்கொண்டார். போய்விட்டார். கார் கேட்டைத் தாண்டியதும் அந்த நீலச் செருப்பை எடுத்துக் குப்பைத் தொட்டியில் வீசினேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கம்பெனி அதைச் சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை.

அதற்குப் பிறகுதான் பஸ் வந்தது. சேகரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். சனிக்கிழமை காலை, வாக்குத் தவறாமல், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நேற்றே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இடது கண் போயிற்று. ஊரிலிருந்தே வந்த கண் நோய் என்று காகிதம் தயாரித்தோம். ஆங்கிலம் என்னுடையது. போர்டு இறங்கவில்லை. சேகர் ஊருக்குப் போனார்.

5. அவர் எழுதியதும் எழுதாததும்

ஓட்வாரின் கட்டுரை அவர் நாட்டுப் பத்திரிகையில் வந்தது. ஆங்கிலத்தில் மாற்றிப் படித்தேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பதினாறு ஜோடி, ஆறு ஆள், வெயில் அடிக்குமாம் என்ற வானிலை அறிக்கை, எல்லாம் இருந்தன. கடைசியில் தன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தார்: சொந்தக்காரர்கள் வரும்வரை இருப்பேன் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்து போனேன், விருந்தில் மீன் நன்றாக இருந்தது.

கம்பெனியில் ஒரு மீட்டிங் போட்டார்கள். என்ன பாடம் கற்றோம் என்று தாமஸ் சார் கேட்டார். நான் எழுந்து சொன்னேன்: அடுத்த விசிட்டுக்கு முன் செருப்புகளையும் அகற்ற வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். விசிட் செக்லிஸ்டில் அந்த வரியை நானே டைப் செய்தேன். அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் கிடைத்தது.

சில வருடம் கழித்து ஓட்வாரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கேம்பைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறாராம், நகரவில்லையாம். "என்னிடம் செருப்புகள் இருக்கின்றன, கால்கள் இல்லை. கம்பி கட்டிய நீலச் செருப்பு யாருடையது? பெயர் வேண்டாமென்றால் வேண்டாம், அவர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்." பதில் எழுதத் தொடங்கி, வேலை போய்விடும் என்று அழித்தேன். ரிட்டையர் ஆன பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். ரிட்டையர் ஆன பிறகு, இழக்கப் பென்ஷன் இல்லாவிட்டாலும், மரியாதை போய்விடும் என்று எழுதவில்லை.

சென்ற ஆண்டு அவர் இறந்துவிட்டார். இணையத்தில் வந்த அஞ்சலியில் ஏழு நாவல்களின் பெயரும் இருந்தன. வளைகுடாவைப் பற்றிய எட்டாவதை அவர் முடிக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது.

6. சேகர்

மாரிமுத்துவிடம் நம்பர் வாங்கி சேகருக்குப் போன் செய்தேன். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

"பி.ஆர்.ஓ. சாரா? அட, உசுரோடதான் இருக்கீகளா?"

"இருக்கேன் சேகர். அந்த நார்வேக்காரர் இறந்துட்டார்."

"எந்த நார்வேக்காரரு? ஓ, நம்ம செருப்புத் திருடனா?"

"என்னது?"

"பஸ்ஸுலேர்ந்து எறங்கி வந்து பாக்கேன், என் நீலச் செருப்பக் காணோம். மத்தவன் செருப்பெல்லாம் கெடக்கு. வெள்ளக்காரரு அதையே தடவித் தடவிப் பாத்தாருன்னு மாரிமுத்து சொன்னான். கம்பி கட்டுன அழகப் பாத்து மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் கடையில சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அவர் எடுக்கலை. நான்தான் குப்பையில போட்டேன்."

"அடப்பாவமே" என்றார். "செத்த மனுசன அநியாயமாத் திருடனாக்கிட்டேனே. இனிமே யாருகிட்டப் போயி மாத்திச் சொல்ல?"

பிறகு சொன்னேன். "சேகர், அன்னைக்கு அல் கோர் ஆஸ்பத்திரி பக்கத்துல பஸ் வந்தப்ப கான் பாய் போன் பண்ணினார். உள்ள போக வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"அது தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"வண்டி ஓட்டுற மனுசன் போன எப்பிடிக் கையில பிடிப்பாரு? ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசுவாரு. மர்னே வாலா நஹீன்னு நீங்க சொன்னது பஸ்ஸு பூராக் கேட்டுச்சு." கடைக்கு யாரோ வந்து ஆணி கேட்டது எனக்குக் கேட்டது. "ரெண்டு இஞ்சா, மூணு இஞ்சா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, "வச்சுரவா சார், ஆளு நிக்குது" என்றார். வைத்துவிட்டார்.

ஓட்வாருக்கு நான் அனுப்பாத பதில் இதுதான். செருப்பு சேகருடையது. அவர் அன்றைக்குப் பஸ்ஸில் இருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சேரும் கேம்பில் ஒரு செக்லிஸ்ட் கொடுப்பார்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு ஆட்கள் மாறும்போது அதுவும் கூடவே போயிருக்கிறது, வேறு இரண்டு இடங்களில் என் கண்ணாலேயே பார்த்தேன். அதில் "அறை வாசலில் உள்ள செருப்புகளை அகற்றவும்" என்று ஒரு வரி இருந்தால், அதை எழுதியவன் நான். அந்த வரியை அடித்துவிடுங்கள்.