தெற்கு ஜன்னலில் வெயில்

படகுத்துறையில் வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து வெல்டிங் கண்ணாடித் துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் பார்க்கிறார் நெவில் ட்ரிஃபிட். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இது நடக்கும். எதிரே இருக்கும் பேக்கரியில் நான் கல்லாவில் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துவருகிறேன். சூரியன் இறங்குவதில்லை, தூரமாகப் போகிறது என்பது அவர் கட்சி. தூரமாகப் போனால் சிறுக்க வேண்டும். சிறுத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த நிறுத்தம்.

“இன்னிக்காவது சிறுத்துச்சா நெவ்?” என்று கேட்பேன்.

“ஈரக்காத்து ஊதிப் பெருசாக் காட்டுது. உள்ளுக்குள்ள சிறுத்துதான் இருக்கு.” கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். “ஒரு சிப்பி பை குடு. சூடா.”

அறுபதைத் தாண்டியவர். கூரைகளில் சோலார் தகடு பொருத்துவது தொழில். எங்கள் ஹியூவன் பள்ளத்தாக்கில் பாதிக் கூரைகள் அவர் கை பட்டவை. தென்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்பதால், ஊரில் எல்லோரையும் போல வடக்குப் பார்த்துத்தான் பொருத்துவார், ஒழுங்காகத்தான் முடிப்பார். கீழே இறங்கி டீ கைக்கு வந்ததும்தான் பூமி தட்டையாகும். கேட்டுக் கேட்டு எல்லோரும் களைத்துவிட்டார்கள். “தட்டையோ உருண்டையோ, கரண்ட் பில்லு குறையுமா, அதச் சொல்லு” என்பார்கள். அவரும் களைத்துத்தான் போயிருக்கிறார். ஆனாலும் நிறுத்துவதில்லை.

பை என்பது சிப்பிக்கறியை உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்; அதை வைத்துக் கொடுக்கும் தட்டுதான் அவருடைய உலகம். நடுவில் ஒரு சொட்டு தக்காளி சாஸ், அது வடதுருவம். விளிம்பைச் சுற்றிப் பனிச்சுவர். போனின் டார்ச்சைப் போட்டுத் தட்டுக்கு மேல் வட்டமாக நகர்த்துவார்.

“விளக்கு இங்க வந்தா இங்க பகல். அந்தாண்ட போச்சுன்னா நமக்கு ராத்திரி. ஜூன்ல சாஸுக்குக் கிட்ட சின்ன வட்டம் போடும். டிசம்பர்ல நம்ம பக்கமாப் பெரிய வட்டம். அவ்ளோதான் பட்டதாரி. இதுக்கு எதுக்கு ஒரு உருண்டை?”

எங்கள் வீட்டிலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான் என்பதால் எனக்கு அந்தப் பெயர். பதில் சொல்ல வாயெடுப்பேன். பூமி உருண்டை என்பதை நானும் கண்ணால் கண்டதில்லை, படித்ததுதான் என்பது நினைவுக்கு வரும். யாரை நம்புவது என்று நானும் ஒரு நாள் முடிவு செய்திருக்கிறேன், அவ்வளவுதானா? யோசிப்பதற்குள் அவர் பாதி உலகத்தைக் காலி செய்திருப்பார்.

இந்தத் தட்டுப் படத்தை வரைந்தவர்கள் வடக்கே இருப்பவர்கள். அவர்கள் ஊரில் அது ஒப்பேறிவிடும். எங்கள் டாஸ்மேனியாவில் டிசம்பர் காலைகளில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து வீட்டின் தெற்குச் சுவரில் அடிக்கிறது. தட்டுக் கணக்கில் விளக்கு எப்போதும் எங்களுக்கு உள்பக்கமாகவே சுற்றுவதால், சூரியன் எங்களுக்குத் தெற்கே வரவே கூடாது. நெவ் வீட்டில் தெற்குச் சுவர் குளியலறைச் சுவர்.

“நெவ், உன் சூரியன் பாத்ரூம்ல நிக்குது. வெளிய வரச் சொல்லு, நான் குளிக்கணும்” என்பார் மர்லீன், அவர் மனைவி.

“அது மேல வானத்துக் கண்ணாடிக் கூரையில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம்.”

“என்னமோ போ. துணி காஞ்சாச் சரி.”

கடைசியில் நெவ் அந்தக் குளியலறை ஜன்னலுக்குக் கம்பளி ஒன்றை மாட்டிவிட்டார். நடுக்கோடையில் மர்லீன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் குளிக்கிறார்.

மகளுக்கு எந்தக் கம்பளியை மாட்டுவது? மகள் லீயான் பிளம்பர் வேலை செய்பவள். போன கோடையில் தென்துருவக் கண்டத்து ஆய்வு நிலையத்தில் குழாய் வேலைக்குப் போனாள். அப்பா கணக்கில் அது கண்டமே கிடையாது, தட்டின் விளிம்பு. விளக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டால் அங்கே இருட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் மதியம், சொல்லியிருந்த கேக்கைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அங்கிருந்து போன் ஸ்பீக்கரில் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் வந்ததுலேருந்து சூரியன் மறையவே இல்ல. தலையச் சுத்தி ராட்டினம் மாதிரி போகுது. ஜன்னல்ல அட்டையை ஒட்டினாத்தான் தூக்கமே.”

“ஏதாச்சும் பெரிய லைட்டப் போட்டு வச்சிருப்பாங்க. உன்ன ஏமாத்துறாங்கம்மா.”

“வெளிய நின்னு பாக்குறது நான்ப்பா.”

“அப்போ இப்படிச் சொல்லச் சொல்லிக் காசு குடுத்திருப்பாங்க.”

மர்லீன் கேக் வெட்டவிருந்த கத்தியைக் கீழே வைத்தார். லீயான் கத்தவில்லை. “நான் பொய் சொல்றேன்னு சொல்றியா? உருண்டைன்னு நீ ஒத்துக்க வேணாம். நான் பாத்தேன்னு மட்டும் ஒத்துக்கோ. அதுவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்.”

கூப்பிடவில்லை. ஜனவரி முழுக்க நெவ் பையை வாங்கிவைத்துக்கொண்டு, டார்ச்சைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவராகவே ஆரம்பித்தார்.

“அவள நம்புனா, இத்தனை வருஷமா நான் ஊர்ல பேசினதெல்லாம் என்னாகும்?”

“உங்களுக்கு ஒரே பொண்ணு நெவ்.”

“அது எனக்குத் தெரியாதா?”

பிப்ரவரிக் கடைசியில் லீயான் ஊர் திரும்பினாள். அப்பா இருக்கும் நேரம் தெரிந்தே பேக்கரிக்கு வந்தாள் என்று நினைக்கிறேன். முகம் கருஞ்சிவப்பாகக் காந்தியிருந்தது. கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. பனியில் பட்டு எகிறிய வெயிலில் மோவாய்க்கு அடியிலும் தோல் உரிந்திருந்தது. நெவ் எழுந்து நின்றார்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன். பதில் சொல்லுப்பா.”

நெவ் வண்டிச் சாவியை எடுத்தார். “அம்மா சமைச்சு வச்சிருக்கா. வண்டி வெளிய நிக்குது.”

“அது பதில் இல்ல.”

“தெரியும்.”

நான் இதை எழுதும்வரை ‘நீ பாத்த’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் மகளுக்குத் தரவில்லை. அன்று வாசலில் இறங்கியதும், சாயங்கால வெயிலில், தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். உரிந்த மூக்கின்மேல் நிழல் விழும்வரை அதன் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டார்.